‘மேக்னெட்டிக் கீபோர்டு’னு சொல்லி ரூ.7,800 வாங்கிட்டாங்க: எஸ்.பி. ரோடு போறவங்க படிச்சுட்டுப் போங்க

வயிறு எரியுது, அந்தச் சூட்டோடயே எழுதுறேன். ஹால் எஃபெக்ட் கீபோர்டுன்னு (காந்தத்தால வேலை செய்யறது, அதனாலதான் மேக்னெட்டிக்னும் சொல்வாங்க) சொல்லி ரூ.7,800 வாங்கிட்டு, பெட்டிக்குள்ள சாதா மெக்கானிக்கல் போர்டை வெச்சுக் கொடுத்திருக்காங்க. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுல கேமிங் சாமான் மட்டும் விக்கிற ஒரு மாடிக்கடை. புகார் போயிருக்கு, முடியற வரைக்கும் பேர் வேண்டாம்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சாத்தான் ஏமாத்து எங்க நடந்துச்சுன்னு புரியும். சாதா மெக்கானிக்கல் ஸ்விட்ச்சுல ரெண்டு உலோகத் தகடு ஒண்ணையொண்ணு தொட்டா எழுத்து விழும். செர்ரி கம்பெனியோட சிவப்பு ஸ்விட்ச்னா 2 மி.மீ. இறங்கினதும் பதிவாகும், அடி வரைக்கும் 4 மி.மீ. அந்த 2 மி.மீ.யை எந்த சாப்ட்வேராலயும் மாத்த முடியாது. விரலைத் தூக்கும்போதும் கீ திரும்ப அந்த இடத்தைத் தாண்டி மேல வந்தாத்தான் விடுபடும்.

ஹால் எஃபெக்ட்ல தகடே கிடையாது. ஸ்விட்ச்சோட தண்டுல ஒரு பொடிக் காந்தம், அதுக்கு நேர் கீழ போர்டுல ஒரு ஹால் சென்சார். காந்தம் எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு சென்சார் அளந்துக்கிட்டே இருக்கறதால, 0.5 மி.மீ.ல பதிவாகணுமா 3 மி.மீ.லயான்னு நாமளே வெச்சுக்கலாம். ரேபிட் ட்ரிகரும் இதனாலதான் வருது. கீ எந்த ஆழத்துல இருந்தாலும் சரி, விரல் துளி மேல வந்ததும் விட்டதா எடுத்துக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக், வேலரன்ட் மாதிரி சுடுற கேம் ஆடுறவங்களுக்கு இது எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. ஓடிக்கிட்டே சுட்டா குண்டு சிதறும். ஏ கீ இடது பக்கம் ஓட, டி கீ வலது பக்கம் ஓட. ஏ-வை விட்டு டி-யைத் தட்டி, நின்னு சுடணும். ஏ எவ்வளவு சீக்கிரம் விடுபடுதோ அவ்வளவு சீக்கிரம் நிக்கலாம். ரூ.7,800 அந்த சென்சாருக்குக் கொடுத்தது. கலர் கலரா எரியற லைட்டுக்கு இல்ல.

கடையில என்ன காட்டினாங்கன்னா, நிஜமான ஹால் எஃபெக்ட் போர்டைத்தான் காட்டினாங்க. கவுண்டர்ல இருந்த டெமோ பீஸை மாட்டி, பிரவுசர்ல அதோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, 0.2 மி.மீ. வெச்சு, டபிள்யூ கீ மேல விரலை வெச்சதுமே ஸ்க்ரீன்ல கோடு ஏறினதைக் காட்டினார் அந்தப் பையன். குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. நடுவுல “தமிழாண்ணா? எந்த ஊரு?”ன்னு விசாரிப்பு வேற. “நம்ம ஆளுக்கு டெமோ பீஸ் தருவேனாண்ணா? குடோன்ல சீல்டு பீஸ் இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்றேன்.” பெட்டி வந்துச்சு. அதே படம், அதே பேரு. “கடையில சீல் உடைச்சா வாரண்டி போயிடும்ணா, வீட்டுல போய்ப் பிரிங்க.”

மொத்த வித்தையும் இந்த ஒரு வாக்கியத்துலதான் இருக்கு. பெட்டிப் பக்கவாட்டு லேபிள்ல மாடல் எண்ணோட கடைசி எழுத்து டெமோ பீஸ்ல இருந்த எழுத்து இல்ல. அதுக்குக் கீழ எறும்பு சைஸ்ல ‘லீனியர் ஸ்விட்ச்’னு மட்டும் போட்டிருக்கு. ஹால்ங்கற வார்த்தையே லேபிள்ல இல்ல. முன்பக்கம் ‘மேக்னெட்டிக்’னு பளபளன்னு ஒரு ஸ்டிக்கர், அது கம்பெனி அச்சடிச்சது இல்ல, மேல ஒட்டினது. இறக்குமதி பண்ணினவங்க பேரு, முகவரி, எந்த மாசம் எந்த வருஷம், எம்.ஆர்.பி. எல்லாம் பெட்டியில இருந்தே ஆகணும், 2011 பொட்டலப் பொருள் விதி அது. இதுல எதுவும் இல்ல. பில் கேட்டா ‘எஸ்டிமேட்’னு ஒரு துண்டுச்சீட்டு. “ஜி.எஸ்.டி. பில் போட்டா 18 பர்சன்ட் ஏறும்ணா.” காசு போனது கடைக் கணக்குக்குக்கூட இல்ல, ஒரு தனி ஆளோட யு.பி.ஐ.க்கு. ரூ.7,800.

வீட்டுல மாட்டினா செட்டிங்ஸ் பக்கம் போர்டையே கண்டுபிடிக்கல. ஒரு கீகேப்பை, அதான் எழுத்து போட்ட மேல் மூடியை, கழட்டி, இடுக்கியால ஸ்விட்ச்சை உருவினா கதை முடிஞ்சுது. அடியில ரெண்டு செப்புக் கால் நீட்டிக்கிட்டு இருக்கு. மின்சாரம் கடத்துற கால் இருந்தா அது தகடு தொடுற ஸ்விட்ச், அவ்வளவுதான். ஹால் எஃபெக்ட் ஸ்விட்ச்சுல அந்த உலோகக் கால் இருக்காது, இருந்தாலும் பிடிமானத்துக்கான பிளாஸ்டிக் கால்தான். சந்தேகம் தீராதவங்க ஒரு குண்டூசியை ஸ்விட்ச்சோட அடியில காட்டிப் பாருங்க, காந்தம் இருந்தா இழுக்கும். இங்க அசையல.

பெட்டியில போட்டிருந்த ‘8000 ஹெர்ட்ஸ்’ஸும் பொய். கீ ஏதாவது அழுத்தியிருக்கான்னு கம்ப்யூட்டர் செகண்டுக்கு 8000 தடவை கேக்கும்னு அதுக்கு அர்த்தம். யூ.எஸ்.பி. டிவைஸ் ட்ரீ வியூவர்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு. அதுல கீபோர்டு ‘ஃபுல் ஸ்பீடு’ன்னு காட்டுது. ஃபுல் ஸ்பீடுல கம்ப்யூட்டர் அதிகபட்சம் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் கேக்கும், அதாவது 1000 ஹெர்ட்ஸ். 8000 வேணும்னா ‘ஹை ஸ்பீடு’ன்னு காட்டணும், அங்கதான் 0.125 மில்லிசெகண்டு இடைவெளி உண்டு. நிஜத்துல 1000 ஹெர்ட்ஸே பெரும்பாலான ஆளுக்கு தாராளம், ஆனா இல்லாததை எழுதி விக்கிறது வேற கதை.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. முதல்ல “பர்ம்வேர் அப்டேட் பண்ணுங்கண்ணா, வந்துடும்.” பர்ம்வேர்னா கீபோர்டுக்குள்ளயே ஓடுற சாப்ட்வேர். போர்டுல இல்லாத சென்சார் பர்ம்வேர்ல எப்படி வரும்? உருவின ஸ்விட்ச்சைப் படம் எடுத்து அனுப்பினதும் அண்ணா ‘சார்’ ஆயிட்டார். “சார், சீல் உடைச்சிட்டீங்க.” வீட்டுல போய்ப் பிரிக்கச் சொன்னதே அவர்தான். அடுத்து “ஓனர் ஊர்ல இல்ல.” அடுத்து “கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க.” இறக்குமதியாளர் பேரே இல்லாத பெட்டிக்கு எந்தச் சர்வீஸ் சென்டர்?

இதுக்கு நடுவுல டபிள்யூ கீ ஒரு தடவை தட்டினா ரெண்டு தடவை விழ ஆரம்பிச்சுது. மட்டமான தகடு தொடும்போது அதிரும், அந்த அதிர்வையும் தட்டலா எண்ணிடும். அதுக்கு அவர் சொன்ன வைத்தியம், டிபவுன்ஸை, அதாவது அதிர்வு அடங்கற வரைக்கும் காத்திருக்கற நேரத்தை, 20 மில்லிசெகண்டுக்கு ஏத்தச் சொன்னது. வேகத்துக்காக வாங்கின போர்டுல, ஒவ்வொரு தட்டலையும் அவ்வளவு நேரம் நிறுத்தி வெச்சுப் பாக்கச் சொல்றார்!

கடைசியா வந்ததுதான் உச்சம். “ஹாட்-ஸ்வாப் போர்டுதானே சார், இன்னொரு ரூ.1,500 கொடுங்க, மேக்னெட்டிக் ஸ்விட்ச் ஒரு செட் தர்றேன், மாத்திக்குங்க.” சுத்தப் பொய். காந்த ஸ்விட்ச்சை மெக்கானிக்கல் சாக்கெட்ல சொருகினா ஒரு எழுத்துகூட விழாது, அதைப் படிக்கிற சென்சார் போர்டுல இருக்கணும். ஹாட்-ஸ்வாப்னா ஸ்விட்ச்சைக் கையால உருவி, அதே ரக ஸ்விட்ச்சுக்குள்ள மாத்திக்கலாம்னுதான் அர்த்தம். அதுலயும் அவுட்டெமுங்கற கம்பெனியோட சாக்கெட் சிலது ஓட்டை சின்னது, அவுட்டெமுவோட மெல்லிசுக் கால்தான் நுழையும், கேட்டரான், கெய்ல் மாதிரி வேற கம்பெனி ஸ்விட்ச்சோட கால் எல்லாம் வளைஞ்சு போகும். முடியாதுன்னதும் “வேணும்னா ரூ.2,000-க்குத் திருப்பி எடுத்துக்கறேன்”னார். ரூ.7,800-க்கு வித்த பொருளோட நிஜ விலை அவர் வாயாலயே வந்துடுச்சு.

கீபோர்டு எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு முழுசா எழுதத்தான் உக்காந்தேன். இப்ப அதுக்கு மனசு இல்ல, அவசரத்துக்கு இதை மட்டும் வெச்சுக்குங்க.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, உங்க கைக்கு வரப்போற அதே பெட்டியைக் கவுண்டர்ல பிரிக்கச் சொல்லி ஒரு ஸ்விட்ச்சை உருவிப் பாருங்க. மாட்டேன்னா இறங்கி வந்துடுங்க. சில போர்டுல எழுத்துக் கீக்கு மட்டும் காந்தம், ஓரத்துக் கீ சாதா, அது ஏமாத்து இல்ல, ஆனா லேபிள்ல சொல்லியிருக்கணும். ‘மெக்கானிக்கல் ஃபீல்’னு எழுதியிருந்தா அது கீக்கு அடியில ரப்பர் வெச்ச போர்டு. மெதுவா அழுத்திப் பாருங்க, அடி தட்டினாத்தான் எழுத்து விழும், மெக்கானிக்கல்ல பாதியிலேயே விழுந்துடும். ஸ்னாப் டேப் (ஏ, டி ரெண்டும் சேர்ந்து அழுந்தினா கடைசியா அழுத்தினதை மட்டும் எடுத்துக்கற வசதி) இருக்குன்னு ஆசை காட்டினா மயங்காதீங்க, 2024 ஆகஸ்ட்ல கேமோட கம்பெனியான வால்வ் கவுண்டர் ஸ்ட்ரைக் 2-ல அதைத் தடை பண்ணிடுச்சு, போட்டு ஆடினா மேட்ச்ல இருந்து தூக்கிடும். பி.ஜி.ல ரூம் பங்கு போடுறவங்க டக் டக்னு சத்தம் போடுற நீல ஸ்விட்ச் வாங்கவே வாங்காதீங்க, ராத்திரி அடி விழும்.

எஸ்டிமேட் சீட்டை வாங்காதீங்க, மாடல் எண் முழுசா எழுதின பில் வாங்குங்க. பில் தராததும், பில்லுல கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கறதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ன்னு போர்டு மாட்டியிருந்தாலும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம், நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த காசு ரூ.5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. யு.பி.ஐ. ரசீது, துண்டுச்சீட்டு, பெட்டியோட நாலு பக்கப் படம், உருவின ஸ்விட்ச் படம், அவர் அனுப்பின ‘ரூ.2,000-க்கு எடுத்துக்கறேன்’ மெசேஜ் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பியாச்சு. ரூ.7,800 இன்னும் வரல.