கார்புரேட்டரே போதும் என்று சொன்ன பட்டறை

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை. என் வண்டி 2002இல் பதிவானது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வைத்தது. காலையில் மூன்று முறை உதைத்தால்தான் உயிர் வரும். அதற்குப் பதிலாக, பெட்ரோலை அளந்து பீச்சும் எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிவிடலாம் என்று பணத்தோடுதான் போனேன்.

பட்டறைத் தம்பி பெட்ரோல் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். “அண்ணே, உள்ளே அழுத்த பம்ப் வைக்க வேண்டும். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாருக்குத் துளை போட வேண்டும். இந்தப் பழைய மின்னாக்கி அந்த பம்பையும் விளக்கையும் சேர்த்துத் தாங்குமா என்பது சந்தேகம். நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் முதலில் கேட்டுவிடுங்கள்” என்றார். பிறகு பதிவு அட்டையைப் பார்த்துச் சிரித்தார். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30 வரைதான் சாலை. அது எனக்குத் தெரியும், ஆசையில் மறந்திருந்தேன்.

கார்புரேட்டரைக் கழற்றி, ஊசிமுனைத் துளை வழியே பெட்ரோலை விடும் பைலட் ஜெட்டை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் ஊடுருவவில்லை, பச்சைப் பிசின் அடைத்திருந்தது. சுத்தம் செய்து, பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் ரப்பர் வளையத்தையும் மாற்றினார். கூலியும் பொருளும் 85 வெள்ளி.

குறை ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் என்றவர் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார். மின்விசிறிகூட இல்லை. ஆனாலும் என் பையிலிருந்த பணம் பையிலேயே திரும்பியது. இப்போது முதல் உதையிலேயே வண்டி பிடிக்கிறது.