சிறுசேரிக்கா, புதுச்சேரிக்கா? மருமகன் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர்

ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனால், "மாமா, எதுல சேரட்டும்?" என்று மருமகன் போனை நீட்டினான். இரண்டு வருட அனுபவம், இரண்டு ஆஃபர். ஒன்று ஊருக்கே தெரிந்த ஐ.டி. கம்பெனி, சென்னை சிறுசேரியில் வேலை, வருடத்துக்கு 7.2 லட்சம். இன்னொன்று, கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் மென்பொருள் செய்கிற சின்ன ஃபின்டெக். புதுச்சேரியில் அலுவலகம், 11 லட்சம். அக்காவுக்கு அதன் பெயர் வாயிலேயே நுழையவில்லை. "நாளைக்குப் பொண்ணு வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றாள்.

முதலில் சம்பளத்தைப் பிரித்துப் பார்த்தோம். 11 லட்சத்தில் 2 லட்சம் ஈசாப், அதாவது பணத்துக்குப் பதில் கம்பெனிப் பங்கு; 1 லட்சம் வேரியபிள், அதாவது கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற ஊக்கத்தொகை. ஈசாப்பை நான் பூஜ்ஜியம் என்றுதான் எழுதுவேன். சந்தையில் பட்டியலாகாத பங்கை யாரிடம் விற்பது? வேரியபிள் வந்தால் தீபாவளி. ஆக மிஞ்சுவது 8 லட்சம், வித்தியாசம் வெறும் 80 ஆயிரம். ஆனால் சிறுசேரிக்குப் போனால் பி.ஜி. விடுதி வாடகை, சாப்பாடு என்று அதைவிட அதிகமாகவே கரையும். புதுச்சேரி என்றால் ஆல்பேட்டையில் பஸ் ஏறி, முள்ளோடை தாண்டி, அரியாங்குப்பம் நெரிசலில் கொஞ்சம் நின்று, ராத்திரி வீட்டுக்கே வந்துவிடலாம்.

வேலையில்தான் உண்மையான வித்தியாசம். பெரிய கம்பெனியில் ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்ச், அதாவது வேலையில்லாமல் காத்திருப்பு. கிடைத்தால் யாரோ எழுதிய பழைய ஜாவா நிரலுக்கு ஒட்டுப் போடுவது. ஃபின்டெக்கில், வாடிக்கையாளர் கணக்கிலிருந்து 500 ரூபாய் போயிருக்கும், கடைக்காரருக்கு வந்திருக்காது. அதே கோரிக்கை இரண்டு முறை வந்தாலும் பணம் ஒரு முறைதான் போக வேண்டும். இதையெல்லாம் சரியாகப் பார்த்துக்கொள்ளும் நிரலை எழுதுவதுதான் வேலை. யு.பி.ஐ.யில் கடைக்குக் கட்டிய பணம் இப்படி நடுவில் மாட்டினால், 5 நாளுக்குள் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அதனால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் அடிக்கும். தூக்கம் கெடும், ஆனால் இரண்டு வருடத்தில் கற்பதை பெஞ்சில் உட்கார்ந்து கற்க முடியாது.

சரி, பெயர் தெரியாத கம்பெனியை நம்பலாமா? பெயர் ஒன்றும் காப்பாற்றாது. டீக்கடைச் சுவரெல்லாம் பேடிஎம் ஸ்டிக்கர் இருந்தபோதுதான், 2024 ஜனவரி 31இல் அதன் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. எனவே நான் பார்ப்பது, கம்பெனி யாருடைய உரிமத்தில் நிற்கிறது என்பதை. கடைகளுக்காகப் பணம் வசூலித்துக் கொடுக்கும் பேமென்ட் அக்ரிகேட்டர் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. இந்தக் கம்பெனி அதில் இல்லை. ஒரு வங்கியின் முதுகில் சவாரி செய்கிறது. தப்பில்லை, ஆனால் அந்த வங்கி கையை உதறினால்? வருமானமும் அப்படித்தான். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்குக் கடைக்காரரிடம் எம்.டி.ஆர். எனும் பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது, அதை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது.

எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. முன்பு நான் இருந்த ஒரு சின்ன கம்பெனி, நாலு மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டவே இல்லை. பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் கம்பெனி என்றாலும் பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுவேன். எந்தத் தேதியில் கட்டினார்கள், எத்தனை பேருக்கு என்று மாதவாரியாக வந்துவிடும். மருமகனின் ஃபின்டெக் ஒரு வருடமாக எல்லா மாதமும் கெடுவான 15ஆம் தேதிக்கு முன்பே கட்டியிருந்தது. எச்.ஆர். சொன்ன ஆள் கணக்கைவிட அங்கே கொஞ்சம் குறைவு. ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்துச் சொல்லியிருப்பார் போல. தேதி சரியாக இருப்பதே எனக்குப் போதும்.

என் ஓட்டு புதுச்சேரிக்குத்தான். ஆனால் எச்.ஆருக்கு இரண்டு கேள்வியை மெயிலில் அனுப்பச் சொன்னேன்: வங்கியோடு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கைவசம் உள்ள பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும்? புதன்கிழமைக்குள் நேரான பதில் வராவிட்டால் சிறுசேரியில் பி.ஜி. தேட வேண்டியதுதான்.