நிலக்கரிப் புகைக்குச் சுண்ணாம்புப் பால்: ஸ்ப்ரே டிரையரோடு 14 மாதம்

திருமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மில்லில் மணிக்கு 35 டன் நீராவி தரும் பாய்லர் ஒன்றும், அதோடு 6 மெகாவாட் டர்பைனும் ஓடுகின்றன. நிலக்கரி தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கி லாரியில் வருகிறது. அந்தப் புகையில் இருக்கும் கந்தக டைஆக்சைடைப் பிடிக்கப் போன வருஷம் சுண்ணாம்பு ஸ்ப்ரே டிரையர் போட்டோம். பாய்லர் ஹவுஸ் என் பொறுப்பு. 14 மாதமாக இதோடுதான் என் பகலும் பாதி ராத்திரியும் போகின்றன. திண்டுக்கல், விருதுநகர் பக்கமிருந்து மூன்று நான்கு பேர் "வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்கு இங்கே எழுதிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: மெஷினுக்கு 5-க்கு 4, சர்வீஸுக்கு 2. ஆனால் நீங்கள் வாங்குகிற சுண்ணாம்பு சரியில்லை என்றால் மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தும் பலன் இல்லை.

முதலில் கணக்கு. நிலக்கரியில் கந்தகம் 0.8 சதவீதம் என்று சீட்டில் போட்டிருந்தால், "ஒரு சதவீதம்கூட இல்லையே" என்று தோன்றும். ஒரு டன்னில் அது 8 கிலோ கந்தகம். எரிந்தால் அதே எடைக்கு ஆக்சிஜனும் சேர்ந்து 16 கிலோ கந்தக டைஆக்சைடு. எங்கள் பாய்லர் மணிக்கு 6 டன் தின்கிறது, ஆக மணிக்கு 96 கிலோ, ராத்திரி பகலாக. சிம்னிக்கு வடகிழக்கே அரை கிலோமீட்டரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. காற்று அந்தப் பக்கம் திரும்பினால் தீக்குச்சி உரசின மாதிரி ஒரு காட்டம் மூக்கில் ஏறும். நானே அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன்.

பாய்லருக்குள்ளேயே சுண்ணாம்புக் கல்லைப் போட்டு எரிக்கலாமே என்று கேட்பார்கள். அடியிலிருந்து ஊதும் காற்றில் நிலக்கரி மிதந்தபடி எரியும் மிதக்கும் படுகை பாய்லராக இருந்தால் தாராளமாகச் செய்யலாம், செலவும் குறைவு. எங்களுடையது பழைய செயின் கிரேட், அதாவது நகரும் சங்கிலித் தட்டின் மேல் நிலக்கரி கிடந்து எரியும் வகை, அதில் நடக்காது. புகையைச் சுண்ணாம்புக் கல் கரைசலால் கழுவுகிற ஈர முறை ஸ்க்ரப்பர் போடலாம், பெரிய அனல்மின் நிலையங்கள் பெரும்பாலும் அதைத்தான் போடுகின்றன. சுண்ணாம்புக் கல் மலிவு, கடைசியில் ஜிப்சமும் கிடைக்கும். ஆனால் அதில் கழிவுநீர் வரும், துருப்பிடிக்காத உள்பூச்சு வேண்டும், புகை ஈரமாகவே சிம்னிக்குப் போவதால் சிம்னியையும் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். எங்களிடம் அதற்கு இடமும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஸ்ப்ரே டிரையர் வேலை செய்கிற விதம் எளிது. பால் பவுடர் செய்கிற அதே தத்துவம்தான். பாலைச் சூடான காற்றில் தூவினால் தண்ணீர் ஆவியாகித் தூள் விழும் இல்லையா, இங்கே பாலுக்குப் பதில் சுண்ணாம்புப் பால், சூடான காற்றுக்குப் பதில் பாய்லர் புகை. பெரிய உருளைத் தொட்டி, அடியில் கூம்பு, உச்சியில் ஒரு சக்கரம் நிமிஷத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றுகிறது. சுண்ணாம்புப் பால் அதில் பட்டு, தலைமுடியின் தடிமன் அளவுத் துளிகளாகச் சிதறுகிறது. 150 டிகிரியில் வரும் புகை அந்தத் துளிகளுக்குள் புகுந்து வெளியே வர ஏறக்குறைய 10 விநாடி. துளி ஈரமாக இருக்கும்வரைதான் கந்தக டைஆக்சைடு அதில் கரைந்து சுண்ணாம்போடு சேரும், காய்ந்துவிட்டால் வேகம் படுத்துவிடும். ஆனால் தொட்டிச் சுவரைத் தொடும்முன் காய்ந்தும் ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆபரேட்டரின் திறமை இருக்கிறது. கீழே விழுவது உலர்ந்த தூள், மீதித் தூள் புகையோடு போய், துணிப் பைகளால் புகையை வடிகட்டுகிற பேக் ஃபில்டரில் நிற்கும். பைகளின் மேல் படிகிற சுண்ணாம்புப் படலமும் போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் வாயுவைப் பிடித்துக்கொள்கிறது.

இதே வேதிவினை பழைய சுண்ணாம்புக் கட்டடங்களிலும் நடக்கிறது. காற்றில் கந்தக டைஆக்சைடு இருந்தால் சுண்ணாம்புச் சுவரின் மேல்தோல் மெல்ல மெல்ல ஜிப்சமாக மாறி உதிரும். நாயக்கர் மஹால் சுதை வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நாம் வெளியே விடுகிற வாயு எங்கேயோ ஒரு சுண்ணாம்பைத் தேடிப் பிடிக்கத்தான் போகிறது, அது நம் தொட்டிக்குள்ளேயே பிடித்துக்கொள்ளட்டும்.

சரி, பலன். உள்ளே வரும்போது புகையில் கந்தக டைஆக்சைடு கன மீட்டருக்கு 1,800 - 1,900 மில்லிகிராம். வெளியே 200-க்குப் பக்கத்தில், நல்ல நாளில் 150. சொன்னதைச் செய்கிறது, அதில் குறை இல்லை. தொட்டி சாதாரண இரும்புதான், ஒரு இடத்திலும் அரிப்பு இல்லை. சிம்னியைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் அந்தக் காட்டம் இப்போது வருவதில்லை, சத்துணவு சமைக்கும் அக்கா தானாகவே கூப்பிட்டுச் சொன்னார்.

இனி சுண்ணாம்பு. நம் மதுரையில் காளவாசல் என்று ஒரு இடத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம், சூளை என்பதற்கு அதுதான் சொல். அப்படிப்பட்ட ஊரில் சுண்ணாம்பு வாங்குவது பெரிய வேலையா என்று நானும் நினைத்தேன். முதல் நான்கு மாதம் விலை குறைவாகச் சொன்ன ஒருவரிடம் எடுத்தோம். வெள்ளைவெளேர் என்று இருக்கும். ஆனால் வெளியே போகும் அளவு 400-க்குக் கீழே இறங்கவே இல்லை, சக்கரத்தில் சுண்ணாம்புப் பால் வெளியேறும் துளைகளின் வளையங்கள் ஒரு மாதத்தில் தேய்ந்தன. மெஷின் கம்பெனிக்காரரைத் திட்டினோம், அவர் எங்களைத் திட்டினார். கடைசியில் எங்கள் லேப் பையன்தான் ஒரு பழைய சோதனையைச் செய்து காட்டினான். 400 மில்லி தண்ணீரில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல சுண்ணாம்பு என்றால் மூன்று நிமிஷத்துக்குள் 40 டிகிரி ஏறும். ஆறு நிமிஷம் தாண்டியும் ஏறவில்லை என்றால் அது மந்தமான சரக்கு. எங்களுடையது எட்டு நிமிஷம் கழித்து 22 டிகிரி ஏறி அப்படியே நின்றுவிட்டது. பாத்திரத்தின் அடியில் சுண்டு விரல் நகம் அளவுக்குக் கல் கல்லாக வேகாத துண்டுகள், விரலால் நசுக்கினால் உடையவில்லை. அதுதான் வளையத்தை அறுத்திருக்கிறது.

கொடுத்தவரை வரச்சொல்லி அவர் முன்னாலேயே திரும்பச் செய்தோம். "தம்பி, வெளுப்பாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்றார். "அண்ணாச்சி, வெளுப்புக்கு நாங்க காசு குடுக்கல, சூட்டுக்குத்தான் குடுக்குறோம்" என்று லேப் பையன் பதில் சொன்னான். காற்றுப் பட்டுப் பட்டுப் பழையபடி சுண்ணாம்புக் கல்லாகவே திரும்பிவிட்ட சரக்கும் வெள்ளையாகத்தான் இருக்கும், சூளையில் சரியாக வேகாததும் வெள்ளையாகத்தான் இருக்கும், இரண்டாலும் நமக்குப் பிரயோஜனம் இல்லை. இப்போது வேறு இடத்தில் வாங்குகிறோம், விலை கூடுதல். லாரி வாசலில் நிற்கும்போதே மூன்று இடத்தில் எடுத்துச் சோதித்து, தேறினால்தான் இறக்குவோம். செலவாகும் சுண்ணாம்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, வளையம் ஐந்து மாதமாக ஓடுகிறது. விலை வித்தியாசத்தை இதுவே கட்டிவிட்டது.

நீற்றுவதிலும், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுப் பாலாக்குவதிலும், கவனம் வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு நாலு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், தொட்டிச் சூடு 80 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். சூட்டில் நீற்றினால் துகள் மாவு மாதிரி நைஸாக வரும், தண்ணீரை அதிகம் ஊற்றி ஆற விட்டால் திப்பித் திப்பியாக இருக்கும், வேலைக்கு ஆகாது. நீற்றின பிறகு அதிர்வுச் சல்லடையில் கல்லைப் பிரிக்காமல் சக்கரத்துக்கு அனுப்பாதீர்கள். அங்கே வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடி கட்டாயம். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். சுண்ணாம்பு வெற்றிலைக்குப் போடுவதுதானே என்று நினைக்கிற ஆட்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐப்பசி மழையில் பெரிய சிக்கல் ஒன்று வந்தது. தொட்டியிலிருந்து வெளியே போகும் புகை எங்களுக்கு 70 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தப் புகை முழுக்க ஈரமாகிவிடுகிற நிலை 52 டிகிரிக்குப் பக்கம். அதை நெருங்க நெருங்க வாயு நன்றாகப் பிடிபடும், ரொம்ப நெருங்கினால் தூள் காயாது. ஒரு ராத்திரி மில்லில் இரண்டு செக்ஷன் நின்று லோடு சட்டென்று இறங்கியது. வெப்பநிலை பார்க்கிற சென்சார் மேல் தூள் அப்பியிருந்ததால், சூடு குறைந்தது அதற்குத் தெரியவே நேரமாகிவிட்டது, தண்ணீர் அதே அளவில் போய்க்கொண்டே இருந்தது. காலையில் கூம்பிலிருந்து தூள் இறங்கவில்லை. ஆட்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள், "டங்" என்று வரவேண்டிய சத்தம் "தொம்" என்று வந்தது. திறந்து பார்த்தால் சுவர் முழுக்க அரையடித் தடிமனுக்குப் பணியாரக்கல்லில் அடிப்பிடித்த மாவு மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. கடப்பாரை போட்டுச் சுரண்டி எடுக்க மூன்று நாள். இப்போது ஷிப்டுக்கு ஒருமுறை சென்சாரைத் துடைக்கிறோம், பக்கத்தில் இரண்டாவது சென்சாரும் போட்டுவிட்டோம். இதை மெஷினோடு சேர்த்தே கம்பெனி கொடுத்திருக்க வேண்டும், ஒரு மதிப்பெண் குறைத்தது இதற்குத்தான்.

சர்வீஸ் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. அடைப்பு வந்த அன்று காலையிலேயே கூப்பிட்டோம், நான்காம் நாள் ஆள் வந்தார், அதற்குள் நாங்களே சுத்தம் செய்து முடித்துவிட்டோம். சுற்றுகிற சக்கரத் தொகுதி முழுசாக ஒன்று உபரியாக ஸ்டோரில் இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். அது இருந்தால் கிரேனில் தூக்கி ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் வாரக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.

தண்ணீரே வேண்டாம் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள், நம்பாதீர்கள். எங்களுக்கு மணிக்கு 2 டன் போகிறது. ஈர முறையைவிடக் குறைவு, கழிவுநீர் சொட்டுக்கூட வெளியே போவதில்லை, இந்த இரண்டும் உண்மை. நீற்றுவதற்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். கலந்து நீர்க்க வைப்பதற்குக் கூலிங் டவரிலிருந்து வெளியே விடுகிற தண்ணீரே போதும், முன்பு அதைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தோம். கோடையில் நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பேறிவிடும் என்பது தெரியும். உப்பு கூடினால் துளி சீக்கிரம் காயாது. வாயு பிடிபட அது நல்லதுதான், ஆனால் சுவரில் ஒட்டும். அதனால் சித்திரை, வைகாசியில் நாங்கள் வெளியே போகும் புகையின் சூட்டை 70-லிருந்து 74 டிகிரியாக ஏற்றி வைத்துக்கொள்கிறோம்.

தூளை என்ன செய்வது என்பதை வாங்கும் முன்பே யோசியுங்கள். வருவது பெரும்பாலும் கால்சியம் சல்ஃபைட், கொஞ்சம் சல்ஃபேட், மீந்த சுண்ணாம்பு. ஈர முறையில் வரும் ஜிப்சம் மாதிரி இதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. சாம்பலோடு கலந்துவிட்டால் செங்கல் போடுகிறவர்களும் சாம்பலை எடுக்க மாட்டார்கள். நாங்கள் மின்சாரத்தால் சாம்பலைப் பிடிக்கிற பழைய ஈஎஸ்பியை எடுத்துவிடாமல் முன்னாலேயே வைத்துக்கொண்டோம், சாம்பல் அங்கேயே தனியாக இறங்கிச் செங்கல் சூளைக்காரர்களுக்கு எப்போதும்போலப் போகிறது. பின்னால் வரும் தூளில் ஒரு பகுதியைச் சுண்ணாம்புப் பாலிலேயே திரும்பக் கலக்கிறோம், அதில் மீந்த சுண்ணாம்பு வீணாகாது. மீதி அனுமதி பெற்ற குழிக்குப் போகிறது, அந்த வாடகை மாதா மாதம் உண்டு.

2015 டிசம்பரில் மத்திய அரசு அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடுக்கு வரம்பு வைத்தது: 500 மெகாவாட்டுக்குக் கீழே கன மீட்டருக்கு 600 மில்லிகிராம், அதற்கு மேல் 200, 2017 ஜனவரி முதல் வருபவைக்கு 100. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக டைஆக்சைடு பிடிக்கிற கருவியே கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டார்கள். "பெரியவனுக்கே விட்டாச்சு, நீங்க ஏன் சார் சுண்ணாம்புல காசக் கொட்டுறீங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். கந்தக டைஆக்சைடு சிம்னி உயரத்தில் மறைந்து போவதில்லை. காற்றில் சல்ஃபேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் யாருடைய நுரையீரலிலோ இறங்குகிறது. அதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற ஆஸ்துமாப் பிள்ளையை மூச்சுத் திணற வைக்கிறது. விதி தளர்ந்ததால் இந்த வேதியியல் மாறவில்லை. எங்கள் முதலாளியிடமும் இதைத்தான் சொன்னேன், அவர் நிறுத்தச் சொல்லவில்லை, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

யாருக்கு ஏற்றது என்றால், கந்தகம் ஒன்று ஒன்றரை சதவீதத்துக்குள் இருக்கிற நிலக்கரி, நடுத்தர பாய்லர், இடமும் தண்ணீரும் குறைவு, பேக் ஃபில்டருக்கு வழி இருக்கிறது என்றால் தைரியமாகப் போடலாம். பாய்லரை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் சக்கரத்தையும் குழாயையும் கழுவி விடுவதற்குள் ஒரு ஷிப்ட் போய்விடும். நாங்கள் அடுத்து சுண்ணாம்புக்கு மூடின சைலோ ஒன்று போடுகிறோம், இத்தனை நாள் மூட்டையாக ஷெட்டில் அடுக்கியதில் மழைக்காலத்துச் சரக்கில் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை ஈரக்காற்றுப் பட்டுத் தானாகவே நீறிப் போனது. வேலை புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும்.