காம்பவுண்ட் வில், அம்பு, பட்ரஸ்: எது எவ்வளவு ஆழம் இறக்குகிறது? சில வருட அனுபவம்

காம்பவுண்ட் வில்லை, அதாவது முனைகளில் சக்கரம் வைத்த வில்லை, கையில் எடுத்தவுடன் எல்லோரும் கேட்பது "எத்தனை பவுண்டு?" அதற்கு அடுத்தது "எவ்வளவு ஆழம் இறங்கும்?" பவுண்டு கூடினால் ஆழமும் கூடும், அவ்வளவுதானே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரே வில்லைச் சில வருடமாக வைத்துக்கொண்டு ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி), ஷாஃப்ட் (அம்பின் தண்டு), பாயிண்ட் (அம்பின் முனை), பவுண்டேஜ் (வில்லை இழுக்கும் பவுண்டு அளவு) என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஃபோம் பட்ரஸில், அதாவது அம்பைத் தாங்கி நிறுத்தும் இலக்குப் பலகையில், விட்டுப் பார்த்ததில் என் வரிசை இப்படி அமைந்திருக்கிறது: முதலில் அம்பு நேராகப் போய்க் குத்த வேண்டும், அடுத்தது ஷாஃப்ட்டின் தடிமன், அப்புறம் அம்பின் எடை, கடைசியில்தான் பவுண்டேஜ். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டதிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள், அதனால்தான் விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்று. அம்பு எவ்வளவு ஆழம் போகும் என்று இணையத்தில் தேடினால் வருவதில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் எழுதியது. அது வேறு கணக்கு. அகலமான பிளேடு வைத்த பிராட்ஹெட், தோல், விலா எலும்பு என்று போகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் நமக்கு அந்தப் பேச்சே தேவையில்லை. நமக்கு டார்கெட் என்றால் ஃபோம் அடுக்கு, இல்லையென்றால் அழுத்திக் கட்டிய வைக்கோல். இதில் ஆழம் கூடிக்கொண்டே போவது நல்லதும் இல்லை. ரொம்பக் குறைவாக இறங்கினால் அம்பு வால் தொங்கி நிற்கும், அடுத்த அம்பு அதன் மேல் உரசும், சில சமயம் துள்ளி வெளியே விழும். ரொம்ப ஆழமாகப் போனால் வேன் (அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் இறகு) ஃபோமுக்குள் புகுந்து பிய்ந்துவிடும், அதற்கும் மேலே போனால் பின்பக்கச் சுவர்தான். அம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே, மீதி வெளியே, நேராக நிற்கிறது என்றால் எனக்கு அது போதும்.

என் வில் 28 அங்குல டிரா (நாணை இழுக்கும் நீளம்), லிம்ப் போல்ட்டை (வில்லின் வளையும் கையை இறுக்கும் திருகை) முழுசாக இறுக்கினால் 60 பவுண்டு. சர்வதேச விதியில் காம்பவுண்டுக்கு உச்சவரம்பே 60 பவுண்டுதான், ஆகவே போட்டிக்குப் போகிறவர் 70 பவுண்டு லிம்ப் தேடி அலைய வேண்டியதில்லை. நான் பெரும்பாலும் 55 பக்கம் வைத்து விடுகிறேன். வெளியே 50 மீட்டரில் 80 செ.மீ. ஃபேஸ் (புள்ளி வட்டங்கள் அச்சிட்ட தாள்), உள்ளரங்கில் 18 மீட்டர்.

ஃபோம் அம்பை எப்படி நிறுத்துகிறது என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். முனை துளைக்கும்போது வரும் தடை ஒரு பங்குதான். பெரும்பங்கு ஷாஃப்ட்டைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் உராய்வு. அம்பு உள்ளே போகப் போகக் கவ்வும் நீளம் கூடும், பிடியும் கூடும். அதனால் ஆற்றலை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் இரண்டு மடங்காகாது, தோராயமாக 1.4 மடங்கு ஆகும், அவ்வளவுதான். 50 பவுண்டிலிருந்து 60க்கு ஏற்றினால் ஆற்றல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, ஆழமோ பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, 25 செ.மீ. இறங்கின இடத்தில் 27, 27.5 இறங்கும். தோள்பட்டையைப் பாடாய்ப் படுத்தி வாங்குகிற லாபம் இவ்வளவே.

இப்போது நேராகப் போவது பற்றி. இதுதான் முக்கியம், இதில்தான் யாரும் நேரம் செலவிடுவதில்லை.

அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது வளைந்து நெளிந்துதான் கிளம்புகிறது. வேன் அதைப் பிடித்து, பத்து பதினைந்து மீட்டருக்குள் அடக்கி நேராக்குகிறது. நேராகும் முன்பே பட்ரஸில் குத்தினால் முனை ஒரு திசையில் போக, வால் இன்னொரு திசையில் தள்ளும். சாய்ந்த ஆணியில் சுத்தியல் அடித்த மாதிரி, போட்ட சக்தி வளைப்பதிலேயே தீர்ந்துபோகும். டியூனிங் (அம்பு நேராகக் கிளம்பும்படி வில்லைச் சரிசெய்வது) சரியில்லாத வில்லில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம்: 5 மீட்டரில் விட்ட அம்பைவிட 18 மீட்டரில் விட்ட அம்பு ஆழமாக இறங்கியிருக்கும். கிட்டத்தில்தானே வேகம் அதிகம், அது ஏன் குறைவாக இறங்குகிறது என்று புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் விடை தெரியும், நாக் (அம்பின் வால் நுனியில் நாணில் மாட்டும் துண்டு) ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதே வில்லை ஒழுங்காக டியூன் செய்த பிறகு இரண்டு தூரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. என் வில்லில் ஒரு லிம்ப் போல்ட் சுற்று ஏற்றினால் கிடைக்கிற ஆழத்தைவிட டியூனிங் சரியானபோது கூடின ஆழம் அதிகம்.

செய்கிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சட்டத்தில் செய்தித்தாளை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று விட்டுப் பார்க்க வேண்டும். முனை போட்ட ஓட்டையும் வேன் கிழித்ததும் ஒரே இடத்தில் இருந்தால் சரி. வால் மேலே கிழித்தால் நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பு மாட்டும் இடம்), ரெஸ்ட் உயரம், கேம் (வில்லின் முனையில் சுழலும் சக்கரம்) டைமிங் மூன்றையும் பார்க்க வேண்டும். டிராவின் கடைசியில் மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நொடியில் ஸ்டாப்பைத் தொடுகிறதா என்பதை ஆளை வைத்துப் பார்ப்பதைவிட டிரா போர்டில் இழுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று முந்தினால் நாக் மேலும் கீழுமாக அலைந்துதான் கிளம்பும். வால் இடம் வலமாகக் கிழித்தால் சென்டர் ஷாட் (ரெஸ்ட்டின் இடவல நிலை), கேம் சாய்வு, ஸ்பைன் (ஷாஃப்ட்டின் விறைப்பு). இவை எல்லாம் சரியாக இருந்தும் கிழிசல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது என்றால் பிடிதான் காரணம், கிரிப்பை இறுக்கிப் பிடித்து முறுக்குகிறீர்கள் என்று அர்த்தம். அதைத் திருகிச் சரிசெய்ய ஆலன் கீ இல்லை.

வேன் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க முகத்துக்குப் போடுகிற பவுடரே போதும். ரெஸ்ட்டின் பிளேடிலும் கேபிளிலும் லேசாகத் தட்டிவிட்டு ஓர் அம்பு விட்டால், உரசல் இருந்தால் பவுடரில் மெல்லிய கோடு விழுந்திருக்கும், வேனின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அம்பின் நாக் துண்டைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்பைன் விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம். கார்பன் ஷாஃப்ட்டில் 400 என்று போட்டிருந்தால், 28 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் 0.400 அங்குலம் தொய்கிறது என்று பொருள். எண் குறைந்தால் விறைப்பு அதிகம். பாயிண்ட்டைக் கனமாக்கினாலும் அம்பை நீளமாக விட்டாலும் அது ஓட்டத்தில் தளர்ந்த அம்பு மாதிரி நடந்துகொள்ளும். "ஆழம் வேண்டும், அதனால் கனமான பாயிண்ட் போடுகிறேன்" என்று 100 கிரெயினிலிருந்து (கிரெயின் என்பது அம்பின் எடையை அளக்கும் சிற்றளவு) 150க்குப் போய், ஸ்பைனைத் தொடாமல் விட்டால் அம்பு வாலாட்டிக்கொண்டு போகும், எடையில் வந்தது வளைவில் போய்விடும். கிளப்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது ஷாஃப்ட் தடிமன். உள்ளரங்கில் கோட்டைத் தொட்டால் பெரிய புள்ளி கிடைக்கும் என்பதால் விதி அனுமதிக்கிற 9.3 மி.மீ. வரை தடியான அம்பையே எல்லோரும் தேடுகிறார்கள். ஈஸ்டன் 2315 மாதிரி அலுமினிய அம்பு இதற்குப் பேர்போனது. அந்த எண்ணில் 23 என்பது விட்டம், அங்குலத்தில் 64இல் 23 பங்கு, 15 என்பது சுவர்த் தடிமன், அங்குலத்தில் 1000இல் 15 பங்கு. வெளியே 50 மீட்டருக்கு நேர்மாறாகக் காற்றில் தள்ளாத ஒல்லி அம்பு, எக்ஸ்10 வகையறா, உள்ளே அலுமினியக் குழாய், மேலே கார்பன். 9.3 மி.மீ. ஷாஃப்ட்டையும் 5.5 மி.மீ. ஷாஃப்ட்டையும் ஒப்பிட்டால் சுற்றளவு 1.7 மடங்கு, குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 2.9 மடங்கு. அதாவது ஃபோம் கவ்விப் பிடிக்க அவ்வளவு கூடுதல் இடம். அதே வில், அதே பவுண்டு, அதே பட்ரஸ், தடி அம்பு பாயிண்ட்டுக்கு மேல் கொஞ்சம்தான் இறங்கி நிற்க, ஒல்லி அம்பு பாதிக்கு மேல் போய்விடுகிறது. உள்ளரங்கில் கிளப்பின் பட்ரஸ் நாள்பட உழைக்க வேண்டும் என்றால் தடி அம்பே நல்லது, பிடுங்குவதற்குத்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

எடைக்கு வருவோம். என் வில்லில் 370 கிரெயின் அம்பு, அதாவது 24 கிராம், சுமார் 265 அடி/நொடி வேகத்தில் போகிறது. 460 கிரெயின், அதாவது 30 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, போட்டால் சுமார் 241. இயக்க ஆற்றல் 58 அடி-பவுண்டிலிருந்து 59 ஆகிறது, ஏறக்குறைய அதேதான். உந்தம் மட்டும் 13 சதவீதம் கூடுகிறது. கனமான அம்பு வில்லிடமிருந்து கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது, அதிர்வும் சத்தமும் குறைகிறது, கையில் அது நன்றாகவே தெரியும். ஃபோமில் ஆழம் ஒரு விரற்கடை கூடுதல், சில பட்ரஸில் அதுவும் இல்லை. ஈரமான, அடர்த்தியான பொருளில் உந்தத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால்தான் வேட்டைக்காரர்கள் கனமான அம்புக்கு அடித்துக்கொள்கிறார்கள். அதை அப்படியே நம் ஃபோமுக்குக் கொண்டுவந்து பேசினால் பொருந்தாது. எங்களுக்கு 50 மீட்டரில் வேறு செலவு உண்டு, கனமான அம்புக்கு சைட்டை (குறிபார்க்கும் கருவியை) நன்றாகக் கீழே இறக்க வேண்டும், குட்டை டிரா உள்ளவர்களுக்கு சைட்டில் உள்ள ஸ்கோப் அம்பின் வழியிலேயே வந்துவிடும்.

இன்னொரு பக்கம், ஆழம் குறைய வேண்டும், வேகம் வேண்டும் என்று ரொம்ப லேசான அம்புக்குப் போகாதீர்கள். ஒரு பவுண்டுக்கு 5 கிரெயின் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் கீழ் எல்லை. 60 பவுண்டுக்கு 300 கிரெயின். அதற்குக் கீழே போனால் அம்பு இல்லாமல் நாணை விட்டதற்குக் கிட்ட வந்துவிடும், லிம்புக்கும் கேமுக்கும் ஆபத்து.

பவுண்டேஜைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பவுண்டு ஒன்றாக இருந்தாலும் வில்லுக்கு வில் ஆற்றல் ஒன்றாக இருக்காது. மிசூரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் வாங்கிய அந்த முதல் காம்பவுண்டுக்கும் இன்றைய வில்லுக்கும் பெரிய வித்தியாசம் கேமின் வடிவத்தில்தான். பழைய வட்டச் சக்கரம் உச்சப் பவுண்டைத் தொட்டதும் இறங்கிவிடும். இன்றைய கேம் உச்சத்திலேயே நெடுநேரம் நிற்கும், அதனால் சேமிக்கும் ஆற்றல் அதிகம். டிரா நீளமும் அப்படித்தான், ஓர் அங்குலம் கூடினால் 10 அடி/நொடி பக்கம் கூடும். ஆனால் அதற்காக உங்கள் உடம்புக்கு மீறிய டிரா வைத்தால் ஃபார்ம் கெட்டு அம்பு கோணலாகப் போகும், திரும்பவும் முதல் பிரச்சினைக்கே வந்து நிற்பீர்கள்.

ஃபோம் பட்ரஸில் எனக்கு எப்போதும் தலைவலி ஆழம் இல்லை, ஒட்டிக்கொள்வது. வேகமாக உள்ளே போகும்போது உராய்வுச் சூட்டில் ஃபோம் உருகி ஷாஃப்ட்டோடு ஒட்டிவிடுகிறது. பிடுங்கினால் முனைக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக வளையம் வளையமாக ஒட்டியிருக்கும், லேசாக ரப்பர் கருகின வாசனை வரும். அதைத் துடைக்காமல் அடுத்த சுற்று விட்டால் அந்த இடமே சொரசொரப்பாகி இன்னும் கெட்டியாக ஒட்டும், ஆழமும் சமமாக இருக்காது. ரப்பர் புல்லர் இல்லாமல் வெறுங்கையால் முறுக்கி இழுத்தால் பாயிண்ட் பட்ரஸுக்குள்ளேயே தங்கிவிடும் வாய்ப்பு உண்டு. அதற்கென்று விற்கிற சிலிகான் திரவம் நன்றாகத்தான் இருக்கிறது, விலையைப் பார்த்த பிறகு நான் காய்ந்த குளியல் சோப்பைப் பாயிண்ட்டிலும் அதன் பின்னால் கொஞ்ச தூரமும் தேய்த்துவிடுகிறேன். வேலை நடக்கிறது. ஷாஃப்ட்டைவிட ஒரு மயிரிழை அகலமான பாயிண்ட் இருந்தாலும் பிடுங்குவது எளிது.

வெயில் இரண்டு வகையில் விளையாடுகிறது. சித்திரை வைகாசி மத்தியானத்தில் ஃபோம் இளகிவிடும், காலையில் அளவாக நின்ற அம்பு மதியம் வேன் வரைக்கும் போகும், பிடுங்க இரண்டு ஆள் வேண்டும். அதே வெயிலில் மூடிய கார் டிக்கியில் கிடந்த வில்லின் நாண் மெல்ல நீளும், டைமிங் நகரும், பீப் (நாணில் இருக்கும் குறிபார்க்கும் துளை) திரும்பிக்கொள்ளும். புது நாண் மாட்டின பிறகு முதல் சில வாரம் இதைக் கவனிக்க வேண்டும். கேமில் ஸ்டாப் தொடும் இடத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஆழம் திடீரென்று கூடிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் வில்லைத் தொடுவதற்கு முன் நான் பட்ரஸின் நடுவை அமுக்கிப் பார்க்கிறேன். எல்லோரும் நடுவில் உள்ள மஞ்சள் வட்டத்தைத்தானே குறிபார்க்கிறோம், நடு அடுக்குகள் முதலில் நைந்துபோகும். அடுக்கு பட்ரஸாக இருந்தால் இரண்டு பக்கமும் ஓடும் கம்பியின் நட்டைச் சமமாக இறுக்குங்கள், அதிலும் நிற்கவில்லை என்றால் நடுப் பட்டைகளை உருவி மேலேயும் கீழேயும் போட்டு, ஓரத்தில் இருந்த புதுப் பட்டைகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அரை நாள் வேலை, இரண்டு பேர் வேண்டும்.