பூவாளி: செம்பா, எவர்சில்வரா?

போன்சாய் பயில வருபவரிடம், தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று ஆண்டுகள் ஆகும் என்று ஜப்பானில் சொல்வதுண்டு. செம்புத் தகட்டைக் கையால் வெட்டி, வளைத்து, பற்றவைத்து அங்கே செய்யப்படும் நீண்ட கழுத்துப் பூவாளியை எவர்சில்வர், துத்தநாக முலாம் பூசிய இரும்பு, பிளாஸ்டிக் ஆகியவற்றோடு ஒப்பிடும்போது இந்தச் சொல்லை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

நீர் சொரியும் துளைத்தட்டை ஜப்பானியர் 'ஹசுகுச்சி', அதாவது தாமரை வாய் என்கிறார்கள். பூவாளி என்று பெயரிட்ட நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நுண்துளைகள் கொண்ட அந்த வாயை மேல்நோக்கித் திருப்பி ஊற்றினால், நீர் எழுந்து வளைந்து தூறலாக இறங்குவதால், ஆழமற்ற தொட்டியில் நிரப்பிய அக்காடமா என்னும் களிமண் மணிகள் இடம்பெயர்வதில்லை. முலாம் தேய்ந்த இரும்பிலோ துருச்செதில்கள் உதிர்ந்து இத்துளைகளை அடைத்துவிடும். செம்பு பழுப்பேறிப் பின்னர் பச்சை பூத்தாலும், அந்தப் படலமே உலோகத்தைக் காக்கிறது.

எவர்சில்வரும் எளிதில் துருப்பிடிப்பதில்லை; விழுந்தாலும் செம்பைப் போல உடனே நசுங்குவதில்லை. அன்றாட முரட்டுப் புழக்கத்துக்கு அதுவே மேல் என்பேன். ஆனால் நசுங்கிய செம்பைத் தட்டி நிமிர்த்தலாம், விட்ட இணைப்பை மீண்டும் பற்றவைக்கலாம்; பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கே அதன் கூடுதல் விலை பொருந்தும்.

இரண்டு கைத்தொழில்களை ஒன்றாகக் குழப்பக் கூடாது. நீகாத்தா மாநிலத்தின் சுபாமே நகரில், 1816 முதல் இயங்கும் கியோகுசென்டோ போன்ற பட்டறைகள், அடிக்க அடிக்க இறுகும் செம்பை நெருப்பில் காய்ச்சி இளக்கி, ஒரே தகட்டிலிருந்து கெண்டி வடிக்கின்றன. டோக்கியோவின் சுமிதா வட்டாரத்துப் பூவாளியோ துண்டுகளை இணைத்துச் செய்யப்படுவது. அங்கே கழுத்தின் வளைவிலும் துளைகளின் சீரிலும்தான் கைத்திறன் தெரியும்.

செம்பில் ஊற்றிய நீரால் செடி செழிக்கும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் செம்புக்கு உண்டு என்பது உண்மையே. எனினும் சில நிமிடங்களே உள்ளிருந்து வெளியேறும் நீர் அதனால் பெரிதாக மாறிவிடாது.

பிளாஸ்டிக் இலகுவானது, மலிவானது. வெயிலில் நொறுங்கும்வரை பால்கனித் தொட்டிகளுக்கு அது போதும்.

மண்ணைக் கிளறும் கைக்கரண்டியைத் தனிச் செம்பில் வாங்குவதுதான் வீண் செலவு. வேரிலும் கல்லிலும் மோதினால் அது வளைந்துவிடும். அதற்கு, சுபாமேயின் பக்கத்து ஊரும், 17ஆம் நூற்றாண்டில் ஆணி அடித்துத் தொடங்கிய கொல்லுத்தொழிலின் ஊருமான சான்ஜோவின் எஃகுக் கருவியையே தேட வேண்டும்.