சென்னையில் தினமும் கட்ட எது: சாஃப்ட் சில்க்கா, காட்டனா?

போன ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் ஒரு சாஃப்ட் சில்க் சேலையும் இரண்டு செட்டிநாடு காட்டனும் எடுத்தேன். ஒரு வருஷமாக மூன்றையும் மாற்றி மாற்றித்தான் பள்ளிக்குக் கட்டிப் போகிறேன். தாம்பரத்தில் ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கும்போதே முதுகு நனைந்துவிடும் ஊர் இது. பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறவள் என்பதால் இரண்டு இழைகளின் உள்கட்டமைப்பையும் சேர்த்தே யோசிக்கிறேன். என் ஓட்டு காட்டனுக்கு.

பளபளப்பு பட்டுக்கு, விலை காட்டனுக்குச் சாதகம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பட்டு ஈரத்தை இழுக்காது என்று பலர் நினைப்பது சரியில்லை. ஒரே ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் பருத்தி சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும்; பட்டு சுமார் 11 சதவீதம். கட்டியிருக்கும்போது இரண்டுமே பரவாயில்லை. கழற்றித் துவைக்கப் போடும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

பட்டு இழை ஃபைப்ராயின் என்ற புரதம். அதன் அமினோ அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி கிளைசின். அடுத்து அலனின், செரின். மூன்றுமே சிறியவை என்பதால் அமினோ அமிலச் சங்கிலிகள் நெருங்கி, பீட்டா தகடுகள் எனப்படும் தட்டையான விரிப்புகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. (புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்ற வரைபடம் 1963-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழுவிடமிருந்து வந்தது. பீட்டா தகடுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் நகர்வதே இல்லை.) பட்டின் பலம் அந்த அடுக்கில் இருக்கிறது. ஆனால் அடுக்குகளுக்கு நடுவே தளர்வான பகுதிகளும் உண்டு.

ஒரு நாள் அவசரத்தில் சில்க்கையும் மற்ற துணிகளோடு மெஷினில் போட்டுவிட்டேன். வழக்கமான சலவைத்தூள்தான், பாக்கெட்டில் என்சைம் உண்டு என்று போட்டிருந்தது. குழம்புக் கறை, வியர்வைக் கறையில் உள்ள புரதத்தை வெட்டத்தான் அதில் புரோட்டியேஸ் சேர்க்கிறார்கள். அந்த என்சைமுக்குக் கறை எது, சேலை எது என்று தெரியாது; பட்டின் தளர்வான பகுதிகளையும் வெட்டும். தூளின் காரத்தன்மையும் பட்டுக்கு ஆகாது. போதாததற்கு, ஈரமான பட்டின் பலமும் குறைந்துவிடும். காய்ந்தபின் முந்தானையைத் தடவினால் சொரசொரப்பு. மடிப்பு ஓரத்தில் பஞ்சுபோல மெல்லிய நூல்கள் எழும்பியிருந்தன. மனசு ஆறவே இல்லை. இப்போது அதற்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், நிழல் உலர்த்தல் மட்டும்தான். வாரநாளில் அதற்கு நேரம் ஏது?

காட்டன் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள், ஒன்று நிமிர்ந்தால் அடுத்தது தலைகீழாக, பீட்டா பிணைப்பில் நேர்கோடாகக் கோத்திருக்கும். புரதம் வெட்டும் என்சைமுக்கு அங்கே வேலையில்லை. சலவைத்தூளின் காரத்தையும் தாங்கும். நனைந்தால் இழையின் பலம் கூடவே செய்யும். வாளியில் ஊறப்போட்டு அடித்துத் துவைக்கலாம் என்பது இதனால்தான்.

கசங்குகிறதே என்பார்கள், உண்மைதான். சங்கிலிகளுக்கு இடையேயான ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரத்தில் விட்டு, கசங்கிய நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்கின்றன. இஸ்திரி வண்டி அண்ணன் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும் அதே பிணைப்புகளை விடுவித்து நேராக்கத்தான். என் சில்க்கை நீட்டினால், "டீச்சர், இதுக்குத் தண்ணி தெளிச்சா திட்டுத்திட்டா கறை விழும்" என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்.

அப்புறம் கஞ்சி. வடித்த கஞ்சியிலுள்ள ஸ்டார்ச்சும் குளுக்கோஸ்தான்; பிணைப்பு மட்டும் ஆல்பா. அது செல்லுலோஸோடு ஒட்டி, காய்ந்ததும் மொடமொடவென்று நிற்கும், அடுத்த துவைப்பில் போய்விடும். ஆனால் கஞ்சி போட்ட சேலையை மாசக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் பிடித்த சாப்பாடு.

நான் சொல்வது மல்பெரி பட்டைப் பற்றி மட்டும். டசர், எரி போன்ற மற்ற பட்டு வகைகளைக் கட்டிப் பழக்கமில்லை. காட்டனிலும் இரண்டு சேலையின் ஒரு வருஷ அனுபவம்தான். சாயம் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை இன்னும் இரண்டு கோடை போனபிறகுதான் சொல்ல முடியும். இந்த ஆடிக்கும் இரண்டு காட்டன் எடுத்தாயிற்று. சில்க் இனி கல்யாண வீடுகளுக்கு.