ஃபார்மட் அடிப்பதற்கு முன்: பூட் ஆகாத விண்டோஸுக்கு நான்கு வழிகள்

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கம்பெனி லோகோ வருகிறது, வெள்ளைப் புள்ளிகள் வட்டமடிக்கின்றன. டெஸ்க்டாப் மட்டும் வரவே இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கேட்கும் முதல் வார்த்தை, "ஃபார்மட் அடிச்சிடலாம்". அக்கா வீட்டு லேப்டாப்பில் அப்படித்தான் குழந்தையின் முதல் மூன்று வருடப் போட்டோக்கள் போயின. கடைக்காரர் கேட்டார், அத்தானும் சரி என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து எந்த வழியைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது பலிக்காமல் போனாலும் ஃபைல்கள் பிழைக்குமா?

முதல் மூன்று வழிகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. லோகோ வரும்போது பவர் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நீலநிற ரெகவரி திரை தானாக வந்து நிற்கும். முதல் வழி அதில் உள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேர். இது பூட் ஃபைல்கள் (விண்டோஸ் தொடங்கத் தேவையானவை) கெட்டிருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்யும். உங்கள் ஃபைல்களைத் தொடாது. கரண்ட் போய் அப்டேட் பாதியில் நின்றதென்றால் இதற்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம். ஒரு முறை ஓட்டிப் பலிக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.

டிரைவரில் (கணினியின் பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறு என்றால் ஸ்டார்ட்அப் ரிப்பேர் பெரும்பாலும் கைகொடுக்காது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கினவே, அப்போது பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாக சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலை) நுழைந்து, கோளாறான அந்த ஒரு ஃபைலைக் கையால்தான் அழித்தார்கள்.

அதே திரையில் உள்ள இரண்டாவது வழி சிஸ்டம் ரீஸ்டோர். இது டிரைவர்களையும் ரெஜிஸ்ட்ரியையும் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) முந்தைய ஒரு தேதிக்குக் கொண்டுபோகும். டாக்குமெண்ட், போட்டோ அப்படியே இருக்கும். புது டிரைவர் போட்ட மறுநாள் கணினி படுத்துவிட்டால் ஸ்டார்ட்அப் ரிப்பேரைவிட இதைத்தான் நம்புவேன். ஆனால் ரீஸ்டோர் பாயிண்ட் (அந்தப் பழைய நிலையின் பதிவு) முன்பே இருந்தால்தான் நடக்கும். பல கணினிகளில் அந்த வசதி ஆன் செய்யப்பட்டே இருக்காது.

மூன்றாவது ரீசெட், அதாவது விண்டோஸைத் திரும்பப் போடுவது. 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கும். ஃபைல்கள் இருக்கும்தான், ஆனால் நீங்கள் போட்ட மென்பொருள் எல்லாம் போய்விடும். விண்டோஸை இன்டர்நெட்டிலிருந்து இறக்கும் கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கலாம். என் பயம் வேறு. ஹார்டு டிஸ்க்கே சாகக் கிடந்தால், ரீசெட் அதன்மேல் ஜிபி கணக்கில் எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். அப்புறம் மீட்பது கஷ்டம்.

அதனால்தான் நான்காவது வழியை ரீசெட்டுக்கு முன்னால் வைக்கிறேன்: லினக்ஸ் பென் டிரைவ். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், மின்ட் அதில் ஒரு வகை. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். ஆன் செய்யும்போது எஃப்12 (சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) தட்டினால் எதிலிருந்து பூட் செய்வது என்ற பட்டியல் வரும். மின்ட் எதையும் இன்ஸ்டால் செய்யாமலே முழு டெஸ்க்டாப்பாகத் திறக்கும். விண்டோஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதி) திறந்து, 'யூசர்ஸ்' ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். விண்டோஸ் ஒழுங்காக அணையாததால் சில சமயம் படிக்க மட்டுமே அனுமதிக்கும். காப்பி எடுக்க அது போதும்.

இதில் டிஸ்க்கின் நிலையும் தெரிந்துவிடும். ஒரு நண்பரின் டெஸ்க்டாப்பில் காப்பி வேகம் நொடிக்கு 80 எம்பியிலிருந்து சில கேபிக்கு விழுந்தது, உள்ளே டிக் டிக் என்று சத்தம். டிஸ்க் போகிறது என்று புரிந்தது. முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் முதலில் எடுத்தோம். அந்த நிலையில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி) ஓட்டக்கூடாது, டிஸ்க் முழுவதையும் படிக்கவைத்து மிச்ச உயிரையும் எடுத்துவிடும்.

இந்த லினக்ஸ் வழிக்கு ஒரு சுவர் உண்டு: டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். பல புது லேப்டாப்புகளில் உரிமையாளருக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கும். 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் லினக்ஸ் எதையும் காட்டாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது சேமிக்கப்பட்டிருக்கும். போனில் லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.

காப்பி கையில் வந்ததும், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், ரீசெட்டைவிடப் புதிதாக விண்டோஸ் போடுவதே என் தேர்வு. சமீபத்திய லேப்டாப்புகளில் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே எடிஷனைப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.